குவாத்தமாலா ஃப்ளோரஸ் தீவுல குடும்பத்தோட எங்க தங்கறது, சைவ சாப்பாட்டுக்கு என்ன வழி?

காவேரிப்பட்டணம் மாங்கா:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் ஓசூர்ல வண்டி பண்ற கம்பெனி ஒண்ணுல சர்வீஸ் ட்ரெய்னிங் பக்கம் இருக்கேன், டீலர் கடை மெக்கானிக்குங்களுக்கு சொல்லிக் குடுக்க குவாத்தமாலா சிட்டிக்கு அனுப்பறாங்க. வேலை முடிஞ்சதும் லீவு போட்டுட்டு வீட்டுக்காரம்மாவையும் பொண்ணையும் அங்கயே வரவழைச்சு, வடக்கால திக்கால்ங்கற எடத்துல மாயா ஜனங்க கட்டுன பழைய கோயிலுங்கள பாத்துட்டு வரலாம்னு பிளான். விசா, பிளைட்டு டிக்கெட் எல்லாம் ஆச்சு, அத பத்தி கேக்கல.

திக்கால் போறவங்க எல்லாரும் பெத்தேன் இட்சா ஏரிக்கு நடுவுல ஃப்ளோரஸ்னு குட்டித் தீவு, அதுல தங்குவாங்கன்னு சொல்றாங்க. மேப்புல பாத்தா தீவுக்கு ரோடே போகுது, அந்தப் பக்கம் சாந்தா எலேனான்னு ஒரு டவுன் இருக்கு, அங்க ரூம் பாதி ரேட்டுல காட்டுது. தீவுலயே தங்கணுமா இல்ல டவுன்ல தங்கி போய்ட்டு வரலாமா? தீவுக்குள்ள எந்தப் பக்கம் நல்லது?

அடுத்து சாப்பாடு. நான் எத குடுத்தாலும் சாப்பிடுவேன், ஏரி மீனு நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டதுல இருந்து நாக்கத் தொங்கப் போட்டுட்டு இருக்கேன். ஆனா எங்க வீட்ல முட்டை கூட தொட மாட்டாங்க. பொண்ணு ஒண்ணாவது படிக்குது, அதுக்கு ராத்திரி ஒரு வாய் தயிர்சாதம் உள்ள போகலன்னா வீடு ரெண்டாயிடும். அதனால குட்டி ரைஸ் குக்கர், பொன்னி அரிசி ஒரு ரெண்டு கிலோ, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் எடுத்துட்டு வரேன்னு அம்மணி லிஸ்ட் போட்டுட்டாங்க. அமெரிக்கா வழியாத்தான் டிக்கெட். மார்ச் கடைசி, ஏப்ரல்ல போறோம். போய்ட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, யூட்யூப்ல பாத்தா எல்லாம் பீர் குடிச்சுனு ஏரில குதிக்கிற பசங்க வீடியோவாத்தான் வருது.

தருமபுரி டவுன்பஸ்:

தீவு, தண்ணி, மீனு... பென்னாகரம் பஸ் ஏறுனா ஒகேனக்கல்ல முடிஞ்சு போற மேட்டருக்கு பாஸ்போர்ட் எதுக்கு சாமி 😂 சும்மா சொன்னேன், போய்ட்டு வந்து போட்டோ போடுங்க. எனக்கும் ஒரு டவுட்டு, அங்க வெயில் எப்படி?

சூளகிரி ஸ்பேனர்:

மாங்கா தம்பி, நானும் உங்க லைன்தான், அந்தப் பக்கம் வேலையா போய் சுத்தியிருக்கேன், அதனால தெரிஞ்சத கொட்டிடறேன், நீளமா போனா திட்டாதீங்க.

மொதல்ல, தீவுலயே தங்குங்க. சாந்தா எலேனா நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கற பஜார் ரோடுதான், பேங்க், மார்க்கெட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடை, ஒரு மால், ஏர்போர்ட்டு எல்லாம் அங்க இருக்கு, பகல்ல வேலைக்கு ஆவும், ஆனா ராத்திரி குழந்தைய கூட்டினு நடக்கற இடம் இல்ல. தீவு அப்படி இல்ல. சுத்தி வந்தா கால் மணி, இருவது நிமிஷம், அவ்ளோதான் மொத்த ஊரே. கல்லு பதிச்ச சந்து, பச்சை மஞ்சள் ஆரஞ்சுன்னு செவுரு, நடுவுல மேட்டு மேல சர்ச்சும் ஒரு பார்க்கும். சாயந்தரமானா உள்ளூர் பசங்க அங்கதான் பந்து ஆடுவாங்க, உங்க பொண்ணு அதுங்களோட சேந்துக்கும் பாருங்க, பாஷை எல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல.

ரோடு போகுதுன்னு கேட்டீங்களே, அது ஏரிய மண்ணு கொட்டி தூர்த்து போட்ட ரோடு. நடந்தே வந்துரலாம், இல்லன்னா ஆட்டோ. பாதிக்கு மேல நம்ம பஜாஜ் ஆட்டோதான் ஓடுது, அங்க டுக்டுக்னு சொல்லுவாங்க, முக்காவாசி செவப்பு. நீங்க தொழில்காரர், ஏறுனதும் இஞ்சின் சத்தத்த வச்சே எத்தன வருஷ வண்டின்னு சொல்லிடுவீங்க. ஏர்றதுக்கு முன்னாடியே ரேட்டு பேசிக்குங்க, அது மட்டும் எந்த ஊரா இருந்தாலும் ஒண்ணுதான்.

ரூம் விஷயத்துல நான் சொல்றது எல்லாரும் சொல்றதுக்கு கொஞ்சம் தலைகீழா இருக்கும். எல்லாரும் ஏரிய பாத்த ரூம் கேப்பாங்க. அதுக்கு ரேட்டும் ஜாஸ்தி, மேக்கு பாத்த கரை ஓரம் பூரா பீர் பார் கடைங்க இருக்கறதால ராத்திரி வரைக்கும் பாட்டு சத்தம், குழந்தை தூங்காது. இன்னொன்னு, அந்த ஏரிக்கு வெளிய போற ஆறு கிடையாது, பெய்ற மழை அப்படியே உள்ளயே நிக்கும். மழை ஓவரா பெஞ்ச வருஷங்கள்ல மட்டம் ஏறி கரையோர ரோடு தண்ணிக்குள்ள போய் மாசக்கணக்குல அப்படியே கிடக்கும், கீழ் மாடி ரூம்ல ஈரவாடை அடிக்கும். அதனால மேட்டுல, சர்ச்சுக்கு கிட்ட ரெண்டாவது மாடி ரூமா பாருங்க. ஏரி எங்கயும் ஓடிப் போகாது, எந்த சந்துல எறங்குனாலும் ரெண்டு நிமிஷத்துல தண்ணி.

பேரு சொல்லணும்னா, கொஞ்சம் காசு பாக்காம போறதுன்னா ஓட்டல் இஸ்லா தே ஃப்ளோரஸ், மாடி மேல குட்டி நீச்சல் தொட்டி இருக்கு. நடுத்தரமா லா கசோனா தே லா இஸ்லா, ஓட்டல் பெத்தேன், ரெண்டுலயும் சின்னதா பூல் இருக்கு, அந்த வெயிலுக்கு குழந்தைக்கு அதுதான் சொர்க்கம். லாஸ் அமிகோஸ்னு ஒரு ஹாஸ்டல், பேக்பேக்கர் கூட்டம், அங்க தங்க சொல்லல, ஆனா சைவ ஐட்டம் நல்லா கிடைக்கும், தோட்டத்துல உக்காந்து சாப்பிடலாம், திக்கால் வேனும் அங்கயே புக் பண்ணிக்கலாம்.

ஒரு முக்கியமான மேட்டர். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அந்த நாடே லீவு, குவாத்தமாலா சிட்டி ஜனம் பூரா ஏரி கடல்னு கெளம்பிடும். உங்க தேதி அதுல மாட்டுதான்னு இன்னிக்கே காலண்டர் பாத்துடுங்க. மாட்டுச்சுன்னா ரூம் கிடைக்கறதே கஷ்டம், கிடைச்சாலும் ரேட்டு எங்கயோ போயிடும்.

டவுன்பஸ், வெயில் கேட்டியே, மார்ச்ல இருந்து மே வரைக்கும் கொளுத்தும், காத்துல ஈரம் வேற. அக்னி நட்சத்திரத்துல நனைஞ்ச கம்பளி போத்திக்கிட்ட மாதிரி இருக்கும்.

பாலக்கோடு தக்காளி:

ஸ்பேனர் அண்ணா சொன்னதுல பாதிக்கு ஓகே, ஆனா குழந்தையோட போறவங்களுக்கு நான் ஃப்ளோரஸ்ல எல்லா நாளும் தங்க சொல்ல மாட்டேன். நாங்க டெக்சஸ்ல இருக்கோம், அங்க இருந்து புள்ளைங்களோட போனோம். ஃப்ளோரஸ் ஒரு நாளைக்கு அழகு, ரெண்டாவது நாளே அதே சந்துல அதே கடைய நாலு வாட்டி பாத்துடுவீங்க. அதே ஏரியோட கெழக்கு முனைல எல் ரெமாத்தேன்னு ஒரு கிராமம் இருக்கு, திக்கால் போற வழிலயேதான். அங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மரத்துல கட்டுன பலகை மேடைல இருந்து குழந்தைங்க காலத் தொங்கப் போட்டு உக்காரலாம், பாட்டு கீட்டு ஒண்ணும் கிடையாது. லா காசா தே டான் டேவிட்னு பழைய ஓட்டல், பெரிய தோட்டம், சாப்பாடும் அங்கயே.

இத ஏன் சொல்றேன்னா, திக்கால் ஃப்ளோரஸ்ல இருந்து 65 கிலோமீட்டர் கிட்ட வரும், வேன்ல ஒண்ணரை மணி நேரம். அங்க 6 மணிக்கு கேட்டு தொறக்கறாங்க, வெயில் ஏர்றதுக்குள்ள பாத்து முடிக்கணும்னா ஃப்ளோரஸ்ல நாலரைக்கு புள்ளைய எழுப்பணும். எல் ரெமாத்தேல இருந்தா பாதி தூரம் மிச்சம். டிக்கெட் வெளிநாட்டுக்காரங்களுக்கு 150 கெட்சால், ஒரு கெட்சால் நம்ம காசுக்கு 11 ரூபா கணக்கு. சூரிய உதயம் பாக்க இருட்டுலயே உள்ள போறதுன்னா அதுக்கு மேல 100. குழந்தையோட அந்த உதயம் டிக்கெட் வேண்டவே வேண்டாம், பாதி நாள் பனி மூட்டத்துல ஒண்ணும் தெரியாது, சத்தம்தான் கேக்கும். பாஸ்போர்ட் கையில வச்சுக்குங்க.

சத்தம்னு சொன்னேன்ல, அத மொதல்லயே பாப்பாகிட்ட சொல்லி வைங்க. ஹவ்லர் குரங்குன்னு ஒண்ணு, விடியக்காலைல அது கத்தறது புலி கத்தறாப்பல இருக்கும், என் சின்னவன் என் புடவைக்குள்ள, சாரி, டிஷர்ட்டுக்குள்ள பூந்துட்டான். ஆனா பிசோத்தேன்னு இன்னொண்ணு வரும், நீட்டு மூக்கு, வால கொடி மாதிரி தூக்கிக்கிட்டு வரிசையா இருவது முப்பது நடந்து போகும், அத பாத்துட்டு கோயிலாவது ஒண்ணாவதுன்னு அதுங்க பின்னாடியே போய்ட்டாங்க. பிஸ்கட் பாக்கெட்ட கையில வச்சுக்காதீங்க, புடுங்கிட்டு போயிடும்.

நாலாவது கோயில் 65 மீட்டர் உயரம், மரப்படி கட்டி விட்ருக்காங்க, ஒண்ணாங்கிளாஸ் புள்ள தாராளமா ஏறும். மேல உக்காந்தா காடு தலைக்கு மேல மத்த கோயிலுங்க தலை மட்டும் வெளிய தெரியும்.

சூளகிரி ஸ்பேனர்:

தங்கச்சி, எல் ரெமாத்தே நல்லாத்தான் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா ராத்திரி ஏழு மணிக்கு மேல சாப்பாட்டுக்கு சாய்ஸ் கம்மி, சைவம் சாப்பிடறவங்களுக்கு இன்னும் கம்மி. அப்புறம் அந்த ஏரில மொரலேன்னு ஒரு வகை முதலை இருக்கு, எல் ரெமாத்தே பக்கம் நாணல் மண்டியிருக்கற கரையில விசாரிக்காம எறங்காதீங்க, உள்ளூர்க்காரங்க எங்க குளிக்கறாங்களோ அங்க மட்டும் பகல்ல எறங்குங்க. ஃப்ளோரஸ்ல இருந்து எதிர்க்கரை சான் மிகேலுக்கு படகு போகுது, அஞ்சு நிமிஷம். எறங்கி நடந்தா எல் செச்செனால்னு குளிக்கற இடம் ஒண்ணு இருக்கு, ஆழம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூடும், குழந்தைக்கு சரியா இருக்கும். அதே கரையில மேட்டு மேல ஒரு மரக்கோபுரம், அங்க இருந்து பாத்தாதான் தீவு முழுசா ஒரே போட்டோல வரும்.

பாலக்கோடு தக்காளி:

முதலைக்கு நானும் ஒத்துக்கறேன் 😀 அப்ப ரெண்டையும் பிரிச்சுக்கட்டும், மொதல்ல தீவு, கடைசி ராத்திரி எல் ரெமாத்தே, காலைல அங்க இருந்தே திக்கால்.

மத்தூர் வாத்தியார்:

எங்க தங்கறதுன்னு எனக்கு சொல்லத் தெரியாது, ஆனா அந்தத் தீவ சும்மா மீன் திங்கற இடம்னு நெனச்சுட்டு போகாதீங்க தம்பி. ஸ்பெயின்காரன் கிட்ட கடைசியா விழுந்த மாயா ராஜ்ஜியம் அதுதான், நோஹ்பெத்தேன்னு பேரு, 1697ல தான் புடிக்க முடிஞ்சது. மெக்சிகோவ புடிச்ச கோர்த்தேஸ் 1525லயே அந்த வழியா வந்து காலு நொண்டியான குதிரை ஒண்ண அங்க விட்டுட்டு போனான். அதுக்கு முன்ன அவங்க குதிரையையே பாத்தது இல்ல. குதிரை செத்துப் போச்சு, அப்புறம் அதே மாதிரி சிலை பண்ணி வச்சு கும்பிட ஆரம்பிச்சுட்டாங்க. 1618ல வந்த பாதிரியாருங்கள்ல ஒருத்தர் அத பாத்து கோவம் வந்து கல்லெடுத்து ஒடைச்சுட்டார், உசிரோட திரும்பி வந்ததே பெரிசு. எனக்கு என்னவோ நம்ம ஊர் அய்யனாருக்கு குதிரை எடுக்கற சனத்த அந்தப் பாதிரியார் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பார்னு தோணும். பழைய கோயில் கல்லு ஒண்ணும் இப்ப மேல தெரியாது, சர்ச்சு நிக்கற மேடுதான் அந்த எடம். பொண்ணுக்கு இந்தக் கதைய சொல்லிக் கூட்டிட்டு போங்க.

காவேரிப்பட்டணம் மாங்கா:

அடேங்கப்பா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வாத்தியாரய்யா கதைய நேத்து ராத்திரியே சொல்லிட்டேன், குதிரைய ஏன் டாக்டர்கிட்ட காட்டலன்னு கேள்வி மேல கேள்வி. ஈஸ்டர் தேதி பாத்துட்டேன், அதுக்கு அடுத்த வாரமா தள்ளிட்டோம். தீவுல மேட்டுப் பக்கம் ரூம், கடைசி ராத்திரி எல் ரெமாத்தே, அக்கா சொன்னபடியே. இப்ப பாக்கி சாப்பாடு மட்டும்தான், அத யாரும் முழுசா சொல்லல. மீனும் சொல்லுங்க, சைவமும் சொல்லுங்க, தயிரும் சொல்லுங்க.

பாலக்கோடு தக்காளி:

சொல்றேன் தம்பி. என் மாமியார் சுத்த சைவம், அவங்களும் எங்ககூட வந்தாங்க, அதனால இந்தப் பரீட்சை எல்லாம் எழுதி பாஸ் பண்ணிட்டேன்.

பட்டினி எல்லாம் கிடக்க மாட்டாங்க. சின்ன ஓட்டல கொமெதோர்னு சொல்லுவாங்க, காலைல கருப்பு பீன்ஸ் மசியல், நேந்திரம் மாதிரி பெரிய வாழைப்பழம் பொரிச்சது, வெள்ளைச் சீஸ், தோர்த்தியான்னு மக்காச்சோள ரொட்டி, இதோட முட்டையும் வரும், முட்டை வேணாம்னு சொல்லிட்டா பழம் கூட ரெண்டு வைப்பாங்க. தோர்த்தியா போடறத பாப்பாவுக்கு கிட்ட போய் காட்டுங்க. சோளத்த சுண்ணாம்புத் தண்ணில வேகவச்சு தோல் கழட்டி அரைச்ச மாவு, அந்தம்மா ஒரு உருண்டை எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல தட்டித் தட்டி சுத்துவாங்க, பட்டு பட்டுன்னு கை தட்டற சத்தம் தெருவுக்கே கேக்கும், சுட்ட கல்லுல போட்டதும் ஓரம் லேசா தூக்கும், திருப்புனா நடுவுல பூரி மாதிரி உப்பிக்கும். சூடா அப்படியே உப்பு தூவி சாப்பிடுங்க, அப்புறம் அந்தப் பாக்கெட் தோர்த்தியா எறங்காது.

ஆனா ரெண்டு இடத்துல உஷார். பீன்ஸ் மசியல்ல சில கடையில பன்னிக் கொழுப்பு போட்டு தாளிப்பாங்க, கேட்டு வாங்குங்க. சாதம் பாக்க வெள்ளையா காய்கறி போட்டு இருக்கும், ஆனா கோழி சூப் பொடி கலந்துதான் வேக வச்சிருப்பாங்க நெறய இடத்துல. கறி வேணாம்னு மட்டும் சொன்னா பத்தாது, கோழி வேணாம், மீன் வேணாம், கொழுப்பு வேணாம், சூப் பொடி வேணாம்னு ஒண்ணொண்ணா சொல்லணும். ஃபோன்ல ஸ்பானிஷ்ல எழுதி வச்சுட்டு காட்டிடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

சாயந்தரம் தீவுல கரையோரமா தள்ளுவண்டி, மேஜை போட்டு கடை வைப்பாங்க. தொஸ்தாதான்னு மொறுமொறு சோள அப்பளம் மேல அவகாடோ மசியல், பீன்ஸ், தக்காளி சாஸ், மேல வெங்காயம், சீஸ் தூள். மாமியார் ராத்திரி சாப்பாடே அதுதான். கேக்கு கூட பெரிய பெரிய துண்டா விப்பாங்க, அதுல முட்டை இருக்கும், உங்க வீட்ல ஆவாது. உக்காந்து சாப்பிடற ஓட்டல்னா டெராசோன்னு மாடி மேல இத்தாலியன் கடை, பாஸ்தா அங்கயே செய்யறாங்க, ஆனா புது பாஸ்தா மாவுல முட்டை இருக்கும், கேட்டுக்குங்க. விலை கொஞ்சம் ஜாஸ்திதான், தீவுல உக்காந்து சாப்பிட்டா எல்லாமே ஜாஸ்தி, சாந்தா எலேனால மார்க்கெட்டு பக்கம் பாதி.

மாங்கா ஊர்க்காரங்களுக்கு ஒரு நியூஸ், அங்க மாங்கா சீசன் அதே டைம்தான். பச்சை மாங்காய நீட்டு நீட்டா சீவி பிளாஸ்டிக் கவர்ல போட்டு எலுமிச்சை, உப்பு, மொளகாய்த்தூள், அதுக்கு மேல வறுத்து அரைச்ச பூசணி விதைப் பொடி போட்டு குலுக்கித் தருவாங்க. அந்த விதைப் பொடி நம்ம ஊர்ல ஏன் யாரும் போடலன்னு எனக்கு இன்னும் புரியல.

தயிர், சாந்தா எலேனா மால்ல சூப்பர் மார்க்கெட் இருக்கு, சர்க்கரை போடாத பிளெயின் தயிரா பாத்து எடுங்க, முக்காவாசி ஸ்ட்ராபெரி கலர்ல இருக்கும். தண்ணி குழாய்ல குடிக்காதீங்க, பல்லு தேய்க்கக் கூட கேன் தண்ணிதான்.

அரிசிய மட்டும் மறந்துடுங்க. அமெரிக்கா வழியா போறீங்கன்னா மாறிப் போற பிளைட்டா இருந்தாலும் அங்க பொட்டிய எடுத்து கஸ்டம்ஸ் தாண்டணும், இந்தியாவுல இருந்து அரிசி கொண்டு வரக் கூடாது, கப்ரா வண்டுன்னு ஒரு பூச்சிக்காக தடை போட்ருக்காங்க, புடிச்சு குப்பைல போட்டுடுவாங்க. குவாத்தமாலால அரிசிக்கு பஞ்சமே இல்ல. பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போங்க, ஆனா உணவுப் பொருள் இருக்குன்னு கஸ்டம்ஸ்ல மொதல்லயே சொல்லிடுங்க.

சூளகிரி ஸ்பேனர்:

ரைஸ் குக்கரும் வேணாம் தம்பி, நீங்களே யோசிச்சிருக்கணும். அங்க 120 வோல்ட்டு. நம்ம 230 வோல்ட்டு ஹீட்டர் காயில அதுல சொருகுனா கால் பங்கு பவர்தான் வரும், அரிசி ஊறும், வேகாது. ஃபோன் சார்ஜர் ஓகே, மேல 100ல இருந்து 240ன்னு போட்ருக்கும், தட்டை ரெண்டு கம்பி பின் அடாப்டர் ஒண்ணு வாங்கிக்குங்க. குக்கர் கண்டிப்பா வேணும்னா சாந்தா எலேனாலயே சின்னதா ஒண்ணு வாங்கிட்டு வரும்போது யாருக்காவது குடுத்துடுங்க, இல்ல கிச்சனோட ரூம் பாருங்க.

மீனு கேட்டீங்களே, பெஸ்காதோ பிளாங்கோன்னு கேளுங்க, அந்த ஏரி மீனு, முழுசா பொரிச்சு எலுமிச்சை வச்சு குடுப்பாங்க. சதை வெள்ளையா மெத்துனு இருக்கும், முள்ளு பாத்து சாப்பிடணும். மசாலா எல்லாம் எதிர்பாக்காதீங்க, உப்பும் பூண்டும்தான். நான் பைல மொளகாப்பொடி வச்சிருந்தேன். மீனு இன்னிக்கு வந்ததான்னு கேட்டு, தட்டுல கொண்டாந்து காட்டச் சொல்லுங்க, பல கடையில ஐஸ்ல வந்த திலாப்பியாவையே அதே பேர்ல குடுத்துடறாங்க.

காவேரிப்பட்டணம் மாங்கா:

வோல்ட்டு மேட்டர வீட்ல சொன்னேன், இத்தன வருஷம் வண்டிக்கு பேட்டரி பாத்த ஆளுக்கு இது தெரியலயான்னு ஒரு பார்வை 🤦 அரிசி, குக்கர் ரெண்டும் லிஸ்ட்ல இருந்து போச்சு, அந்த இடத்துல கடலை உருண்டை ஏறிடுச்சு. கடைசியா ஒண்ணு, குவாத்தமாலா சிட்டில இருந்து ஃப்ளோரஸுக்கு பஸ்ஸா பிளைட்டா?

சூளகிரி ஸ்பேனர்:

தனியா போனா நைட் பஸ், எட்டு ஒம்பது மணி நேரம். குழந்தையோடன்னா பிளைட்டு, ஒரு மணி நேரத்துல எறக்கி விட்டுடுவான், ஏர்போர்ட்ல இருந்து தீவுக்கு ஆட்டோல பத்து நிமிஷம். காசு இடிக்குதுன்னா போகும்போது பிளைட்டு, வரும்போது பஸ்ஸுன்னு வச்சுக்குங்க. பஸ்ல ஏசி ஐஸ் பொட்டி மாதிரி போடுவான், கொறைக்க சொன்னாலும் கொறைக்க மாட்டான், ஸ்வெட்டர், போர்வைய டிக்கில போடற பொட்டியில வைக்காம கையோட எடுத்துக்குங்க.